பதினோரு வாசல்

காலை பதினொன்றுக்குத் திரையில் மூன்றாவது வாசல் சிவந்தது. கூடவே மேசை ஃபோனும் அடித்தது.

"நெட் போச்சு," என்றது மூன்றாம் மாடி. வணக்கம் கிணக்கம் எதுவும் இல்லை.

ஆறு வருடமாக அடித்தளத்து அறையில் சர்வரோடு குடித்தனம் நடத்தும் நெட்காரருக்கு, நாளெல்லாம் கேட்கும் மனிதக் குரல் அது ஒன்றுதான். மாடிக்கு ஓடுவார், வாங்கிக் கட்டிக்கொள்வார், இறங்கி வருவதற்குள் நெட் தானாக வந்திருக்கும். இரண்டு மாதமாக இதே கூத்து. இன்றைக்குள் சரியாகாவிட்டால் வேலையை வெளிக் கம்பெனிக்குக் கொடுத்துவிடுவதாக மேனேஜர் சொல்லியிருந்தார்.

அதனால் இன்று அவர் மாடி ஏறவில்லை. சர்வர் வெளியே பேசும் வழிகளையெல்லாம் கட்டமும் கோடுமாக வரைந்து காட்டும் நிரல் ஒன்றை எழுதி வைத்திருந்தார். ஒவ்வொரு வழிக்கும் ஒரு வாசல்; மொத்தம் பதினோரு வாசல்கள். கேபிள் செருகுவது நான்கு, மிச்சமெல்லாம் சர்வர் தனக்குள்ளேயே கட்டிக்கொண்டவை. அவருடைய அறைக்கோ ஒரே வாசல். அதிலும் எட்டிப் பார்ப்பவர் கூட்டுகிற அக்கா மட்டும்தான்; வெளியே கேபிள்கள் போகும் அலமாரியில்தான் அக்காவின் துடைப்பமும் இருந்தது.

சர்வரை அணைத்துப் போட்டார். மாடியில் சேமிக்காத கடிதங்கள் காற்றோடு போயின. மூன்றாவது வாசலின் வேலையை நான்காவதற்கு மாற்றினார். பிரிண்டர்கள் படுத்தன. கடைசியாக இரண்டு வாசல்களைக் கோடு போட்டு இணைத்தார். அனுப்பிய தகவலே சுற்றிச் சுற்றி வந்து, கட்டடம் முழுவதும் நின்றுபோனது.

பத்து நிமிடத்தில் அறை நிரம்பியது. ஆளாளுக்குத் திட்டினார்கள். டைப்பிஸ்ட் அம்மா மட்டும் பாதியில் நிறுத்தி, கைகளைத் தேய்த்துக்கொண்டார்.

"இந்தக் குளிர்லயா நாள்பூரா இருக்கீங்க? சாப்பாடெல்லாம் யாரோட?"

"இதோட," என்று சர்வரைக் காட்டினார்.

யாரோ சிரித்தார்கள். வேலை போகப்போகிற நேரத்தில் நெட்காரருக்கு வெட்கமில்லாமல் சந்தோஷமாக இருந்தது.

செய்ததையெல்லாம் ஒவ்வொன்றாகத் திருப்பி எடுத்தார். பதினோரு வாசலும் பச்சையானது. எப்படி என்று அவருக்கே தெரியவில்லை.

"நாளைக்கு ஒரு தடவை போனாலும் வெளிக் கம்பெனிதான்," என்றார் மேனேஜர்.

எல்லோரும் போய்விட்டார்கள். ஃபேன் சத்தம் மட்டும் மிஞ்சியது. துடைப்பத்தோடு வாசலில் நின்ற அக்கா குரலைத் தாழ்த்தினார்.

"இனிமே அந்த ஒயரைப் பிடுங்க மாட்டேன் தம்பி. ஆனா நெட் போகலைன்னா உங்ககிட்ட யாரு பேசுவாங்க?"