ஜன்னலை விட்டுவிட்டுச் சுவரைத் தள்ளியவர்

ஊரெல்லாம் வீட்டுக்கு ஜன்னல் வைக்கும். ஜன்னலுக்கு வீடு வைத்தவர் உலகத்திலேயே எங்கள் செம்மேட்டு ‘பே விண்டோ’க்காரர் ஒருவர்தான். அவர் வீட்டுப் பின்பக்கம் குடியிருந்த பாவி நான்.

மனிதர் மிளகு விவசாயி. கோயம்புத்தூரில் சொந்தக்காரர் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் போனவர், அங்கே சுவரை விட்டு வெளியே பிதுங்கி நின்ற பே விண்டோவில் உட்கார்ந்துவிட்டார். எழுந்திருக்கவில்லை. “சாப்பிடக் கூப்பிட்டா, எலைய இங்கயே போடுங்கன்னுட்டாருங்க” என்று அவர் மனைவி இன்றைக்கும் தலையில் அடித்துக்கொள்வார்.

மலை ஏறிச் செம்மேட்டுக்குத் திரும்பியதும் மேஸ்திரியைக் கூப்பிட்டார்.

“செவுரு தொந்தி போட்டாப்புல வெளிய வரோணும். மூணு பக்கமும் கண்ணாடி. உள்ள உக்கார ஒரு மேடை.”

“ஏனுங்க, சாதா ஜன்னல்லயே காத்து வருமுங்களே?”

“காத்து யாருக்கு வேணும்? சாதா ஜன்னல்ல எதுத்த ஊடுதான் தெரியும். இதுல ரோட்டோட ரெண்டு மொனையும் தெரியும். வாரவங்களப் பாக்கோணும் சாமி!”

ஜன்னல் வந்தது. மேடையில் பாதி இடத்தில் மிளகு காய்ந்தது, மீதியில் அவர் காய்ந்தார். வளைவில் பஸ் தலைகாட்டுவது அவருக்குத்தான் முதலில் தெரியும் என்பதால், சந்தை நாளில் பஸ்ஸுக்கு நிற்கிற கூட்டமெல்லாம் பையும் கோழியுமாக உள்ளே வந்து மேடையில் உட்கார்ந்துவிடும். மிளகு நெடியில் எல்லோரும் தும்முவார்கள். கோழியும் தும்மியது என்று அவர் சத்தியம் செய்வார்.

அந்தச் சமயம் பார்த்து ரோட்டை அளக்க சர்வேயர் வந்தார்.

“ஜன்னல் மூணடி ரோட்டுல நிக்குது. இடிச்சுருங்க.”

அன்று ஜன்னல்காரர் சாப்பிடவில்லை. மேடையை விட்டு இறங்கவும் இல்லை. மறுநாள் காலை கடப்பாரைச் சத்தம் கேட்டு ஓடினேன். ஜன்னலைக் கழற்றிப் பத்திரமாகச் சாய்த்துவைத்துவிட்டு, வீட்டின் முன்சுவரை இடித்துக்கொண்டிருந்தார்!

மூன்றடி உள்ளே புதுச்சுவர் எழும்பியது. அதில் அதே ஜன்னல், அதே தொந்தி. சர்வேயர் மறுபடி வந்து பார்த்துத் திகைத்துப் போனார்.

“இதுக்கு ஜன்னல மட்டும் உள்ள தள்ளியிருக்கலாமேங்க?”

“ஜன்னலத் தள்ளுனா அது வெறும் ஜன்னலுங்க. செவுத்தத் தள்ளுனாத்தானுங்க பே விண்டோ!”

வீட்டின் கூடம் பஸ்ஸுக்குள் நடக்கும் வழி மாதிரி ஆகிவிட்டது. எதிரெதிரே இரண்டு பேர் வந்தால் ஒருவர் சமையலறைவரை பின்வாங்க வேண்டும். “இனி நாம ரெண்டு பேரும் சண்ட போட்டாக்கூட வெளியதான் போவோணும்” என்றார் அவர் மனைவி.

நான் கீழே நாமக்கல்லுக்கு மாறி வந்துவிட்டேன். போன மாதம் மலைக்குப் போனேன். பஸ் செம்மேட்டு வளைவில் திரும்பியதும் அந்த வீட்டைத் தேடினேன். அதற்குள் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கை ஆடிக்கொண்டிருந்தது. நான் வருவதை எனக்காக உட்கார்ந்து பார்க்க, இந்த உலகத்தில் ஒரு ஜன்னல் இருக்கிறது.