சிங்கராஜாவின் கல்லறைத் திறப்பு விழா

ஒரு காட்டில் ஒரு சிங்கம் ஆண்டுவந்தது. ஆண்டது என்பது மரியாதைக்குச் சொல்வது, பெரும்பாலும் தூங்கியது. எகிப்துக்குப் போய்வந்ததாகச் சொல்லிக்கொண்ட ஒரு கீரி பிரமிடின் படத்தைக் காட்டி, இதற்குள் படுத்தால் செத்த பிறகும் பெயர் நிற்கும் என்றது. உயிரோடு இருக்கும்போது பெயர் எடுப்பதைவிட இது சுலபமாகத் தெரிந்ததால், சிங்கம் உடனே தனக்கொரு கல்லறை கட்டச் சொல்லிவிட்டது.

யானைகள் கல் இழுத்தன. வாசலுக்கு மேலே ஒரு பெரிய கல்லைத் தொங்கவிட்டன. ஒருமுறை இறக்கினால் மறுபடி தூக்க முடியாது. எந்தக் காட்டிலும் நடக்காத அதிசயமாக, சொன்ன தேதிக்கு முன்பே வேலை முடிந்தது.

அங்கேதான் வந்தது வினை. சிங்கம் இன்னும் குண்டுக்கல் மாதிரி இருந்தது.

மந்திரி கழுதைப்புலி பணிவாக வந்து நின்றது. திறப்பு விழாவுக்கு நாள் குறித்தாகிவிட்டதாம். பக்கத்துக் காட்டுப் புலி சிறப்பு விருந்தினராம். வாழ்த்துக்கும் கண்ணீர் அஞ்சலிக்கும் சேர்த்து ஒரே பேனராக வைத்தாகிவிட்டதாம். பேனரில் சிங்கத்தின் படத்துக்கு மாலை. பக்கத்தில், அதைவிடப் பெரிதாக, அடுத்த ராஜாவாகப் போகிற மந்திரி சிரித்துக்கொண்டிருந்தது.

"காலிக் கல்லறையைத் திறந்தா ஊர் சிரிக்கும் மகாராஜா. நீங்கதான் கொஞ்சம் ஒத்துழைக்கணும்."

விழாவைத் தள்ளிவைக்கலாமா என்று சிங்கம் கேட்டது. அடுத்த வாரம் ஆடி பிறக்கிறது, ஆடியில் நல்ல காரியம் செய்வதில்லை என்று மந்திரி வருத்தப்பட்டது. தான் சாவது நல்ல காரியமா என்று கேட்கச் சிங்கத்துக்கு நாக்கு எழவில்லை. பயத்தில் பிடரிமயிர் கொட்ட ஆரம்பித்தது.

கீரியைத் தனியே கூப்பிட்டு, எப்படியாவது காப்பாற்று என்று கெஞ்சியது. கீரி அசரவில்லை.

"வெளிநாட்ல இப்ப கச்சேரி மண்டபத்தைக் கப்பல் மாதிரி, மேகம் மாதிரியெல்லாம் கட்றாங்க. நாம பிரமிடு மாதிரி கட்டியிருக்கோம்னு சொல்லிடுவோம். பலகையை மட்டும் மாத்தினா போதும்."

விழா நாளில் சிங்கம் எழுந்து, இது கல்லறை அல்ல, இசை மண்டபம் என்று அறிவித்தது. முதல் கச்சேரி மந்திரியுடையது. தொண்டை கட்டியிருக்கிறது என்றது மந்திரி. ஆனால் கழுத்தில் மாலை விழுந்துவிட்டது, பொன்னாடை போர்த்தியாகிவிட்டது, புலி முன்வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்துவிட்டது. ராஜா தரும் கௌரவத்தை வேண்டாம் என்று சொல்லி அந்தக் காட்டில் யாரும் பிழைத்ததில்லை. ரசிகர்களுக்கெல்லாம் வெளியே புல்தரையில்தான் இடம். அதுதான் நவீன பாணி என்று கீரி விளக்கியது. மந்திரி உள்ளே போனதும் கல் இறங்கியது.

உள்ளேயிருந்து ஒரு முனகல்கூட வரவில்லை. புலி கண்ணை மூடித் தலையாட்டியது. ஒன்றும் கேட்கவில்லை என்று சொன்னால் ரசனை கெட்டவர்கள் என்பார்களே என்று பயந்து, முயல் முதல் யானை வரை எல்லாம் தொடையில் தாளம் போட்டன. கைதட்டல் அடங்குவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. தன் காட்டிலும் இப்படி ஒன்று கட்டித் தர வேண்டும் என்று புலி கீரியைக் கேட்டுக்கொண்டது. அங்கேயும் நன்றாகப் பாடக்கூடிய மந்திரிகள் நிறைய இருக்கிறார்களாம்.

நீதி: ஒரு கட்டடம் கல்லறையா கலைக்கூடமா என்பதைக் கட்டியவன் முடிவு செய்வதில்லை, கல் இறங்கும்போது வெளியே நிற்பவன்தான் முடிவு செய்கிறான்.