பிச்சுமணி மாமாவும் ஏழு அடுக்குகளும்

யாரையாவது கேலி செய்தால்தான் எனக்கு ஒரு விஷயம் மண்டையில் ஏறும். பள்ளியில் முகலாய மன்னர்களின் வரிசையையே எங்கள் லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸ் பெரியவர்களின் வழுக்கைகளை வைத்துத்தான் நினைவில் நிறுத்தினேன். (சரித்திரத்தில் நல்ல மார்க். குணத்தில் முட்டை.)

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் டெல்லியில் திரும்பிய பக்கமெல்லாம் கம்ப்யூட்டர் நெட்வொர்க்கிங் கோர்ஸ். நானும் சேர்ந்தேன். கீழ்வீட்டு பிச்சுமணி மாமா அரசு அலுவலகத்தில் செக்‌ஷன் ஆபீசர். தெரிந்த கம்பெனி ஒன்றில் எனக்காகச் சொல்லி வைத்திருந்தார். "பையன் தங்கம், நான் கேரண்டி" என்றாராம். சர்டிபிகேட்டோடு போனால் வேலை. இல்லையென்றால் எனக்கு வேலை போச்சு, மாமாவுக்கு மானம் போச்சு.

பரீட்சையன்று மாமாவே என்னை ஸ்கூட்டரில் நேரு ப்ளேஸுக்கு அழைத்துப் போனார். "ஜல்தி இல்லை, நிதானமா எழுது. நான் வெளியில பேப்பர் படிச்சிண்டு இருக்கேன்."

பரீட்சை கம்ப்யூட்டரில்தான்; உள்ளே பேனா, காகிதம் எதுவும் கொண்டுபோகக் கூடாது. குறிப்பெழுத அவர்களே ஒரு பிளாஸ்டிக் அட்டையும் மார்க்கரும் தருவார்கள். கேள்விகளுக்குள் இறங்குமுன் மண்டையில் இருப்பதை அதில் கொட்டிக்கொள்வது எல்லோரும் செய்வதுதான். நான் முதலில் பிள்ளையார் சுழி போட்டேன். அடுத்தது நெட்வொர்க்கின் ஏழு அடுக்குகள்: பிசிக்கல், டேட்டா லிங்க், நெட்வொர்க், டிரான்ஸ்போர்ட், செஷன், பிரசன்டேஷன், அப்ளிகேஷன். இந்த வரிசை மறக்காமலிருக்க, ஒவ்வொன்றின் இங்கிலீஷ் முதல் எழுத்துக்கும் ஒரு சொல் வைத்து நானே கட்டிய வாக்கியத்தை அழகான தமிழில் எழுதினேன்:

'பிச்சுமணி டெய்லி நெய் தோசை சாப்பிட்டுப் பெருத்த ஆசாமி.'

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து சூப்பர்வைசர் மேடம் ஓடிவந்தார். "யே க்யா ஹை?"

"தமிழ், மேடம்."

"ஔர் யே?" சுழியில் விரல் வைத்தார்.

"கணேஷ்ஜி."

மேடம் குனிந்து தும்பிக்கையைத் தேடினார். கிடைக்கவில்லை. கேள்விகளை ரகசிய லிபியில் எழுதிக் கடத்துகிறேன் என்று முடிவே கட்டிவிட்டார். பரீட்சை கேன்சல் என்றார். நான் கெஞ்சினேன். இதைப் படிக்கத் தெரிந்தவர் யாராவது உன்னோடு வந்திருக்கிறாரா என்று கேட்டார்.

"இருக்கார் மேடம், மாமா!" என்று வாய் முந்திக்கொண்டது. மூளை வந்து சேர்வதற்குள் ப்யூன் வாசலைத் தாண்டிவிட்டார்.

மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டே வந்தார்.

"மாமா, நீங்க படிக்காதீங்கோ, நானே சொல்லிடறேன்…"

"சும்மா இருடா. உனக்கு நான் கேரண்டி."

ஆபீஸ் ஃபைலை வாசிக்கும் குரலில் ஆரம்பித்தார். "பிச்சுமணி டெய்லி நெய் தோசை…" அங்கே குரல் இறங்கியது. மிச்சத்தைக் கண்ணாலேயே படித்தார். காது சிவந்தது. கம்ப்யூட்டர் திரையில் என் நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

"க்யா லிக்கா ஹை?" என்றார் மேடம்.

ஏதோ ஸ்லோகம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் மாமா சர்வீஸில் ஒரு ஃபைலையும் திரித்துச் சொன்னவரில்லை. ஒரு சொல் விடாமல் ஹிந்தியில் மொழிபெயர்த்தார்.

"யே பிச்சுமணி கௌன் ஹை?"

மாமா நிமிர்ந்து நின்றார். "ஜி, மை ஹூம். நான்தான்." (கடைசி வார்த்தை எனக்காக.)

மேடம் மாமாவை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். சாட்சியம் பொருந்தியது. நான் ஏழு அடுக்குகளையும் விளக்க, விரல்விட்டு எண்ணி, ஆசாமி வரை வந்ததும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அச்சா, அச்சா, லிக்கோ" என்று எழுதச் சொல்லிவிட்டுப் போனார். மீதி நேரத்தில் எழுதி, மயிரிழையில் பாஸானேன்.

வீட்டுக்குத் திரும்ப மாமா ஸ்கூட்டரைக் கிளப்பினார். அந்த அகன்ற முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த எனக்கு அழுகையே வந்துவிட்டது. எனக்காகத் தன் தொந்தியைச் சாட்சிக்கூண்டில் ஏற்றிய மனுஷர். சிக்னலில் வண்டியை நிறுத்தித் திரும்பினார்.

"டெய்லின்னு எழுதியிருக்கியே, அது தப்பு. செவ்வாய்க்கிழமை சாப்பிட மாட்டேன்."

வேலை கிடைத்தது. சில வருஷங்களில் புதிதாக வரும் பையன்களுக்குப் பாடம் எடுக்கும் வேலையையும் என் தலையில் கட்டினார்கள். என்னிடம் இருந்தது ஒரே வாக்கியம். பஞ்சாபி, பிஹாரி என்று எல்லாப் பிள்ளைகளும் அர்த்தம் தெரியாமலே அதை மந்திரமாக உருப்போட்டார்கள்.

மாமா ரிடையராகி டெல்லியிலேயே துவாரகாவில் குடியேறியபின், இன்டர்நெட் சரிசெய்ய ஒரு பஞ்சாபிப் பையன் போனான். கதவிலிருந்த பெயரைப் பார்த்தான். "பிச்சுமணி? ஆப்?" நீங்கள்தானா அது என்று வியந்து மாமாவின் காலைத் தொட்டு, முழு வாக்கியத்தையும் ஒப்பித்தான். மாமி உள்ளே போய், தட்டில் ஒன்றை வைத்துக் கொண்டுவந்தார்.

"நெய் தோசை. சாப்பிடு பேட்டா."

பையனின் முகம் மலர்ந்தது. "அரே! நெட்வொர்க், டிரான்ஸ்போர்ட்!"

இன்றும் எங்கள் இரண்டு வீட்டிலும் நெய் தோசை என்று யாரும் சொல்வதில்லை. கல் சூடானதும் மாமி கூடத்தைப் பார்த்து, "யாருக்கெல்லாம் நெட்வொர்க் டிரான்ஸ்போர்ட்?" என்றுதான் கேட்கிறார். முதல் கை மாமாவுடையது.