கடப்பாரை கவுன்சிலரும் புளியமரத்து ஸ்டாப்பும்

சொந்தப் பெண்டாட்டியின் ஆவி மேல் ஊர்மக்கள் கொடுத்த புகாரைப் பொறுமையாகக் கேட்டு, "நியாயந்தான், நடவடிக்கை எடுக்கறேன்" என்று பதில் சொன்ன கவுன்சிலர் இந்தப் பூமியில் ஒரே ஒருவர்தான் இருந்திருப்பார். எங்கள் கடப்பாரை.

எண்பதுகளின் பிற்பாதி. ஆவடியில் வேலை கிடைத்துப் போன நான், பருத்திப்பட்டு மெயின் ரோட்டில் அவருடைய இரும்புக்கடைக்கு மேலே ஓர் அறையில் குடியிருந்தேன். பட்டப்பெயரைக் கேட்டு ஓங்குதாங்கான ஆளைக் கற்பனை செய்துவிடாதீர்கள். துணி காயப்போடும் கம்பிக்கு வேட்டி கட்டிவிட்டது போல இருப்பார். கடை வாசலில் ஒரு கடப்பாரையை ஊன்றி அதன்மேல் சாய்ந்தபடிதான் யாரோடும் பேசுவார். தூரத்திலிருந்து பார்த்தால் எது அவர் என்று வேட்டியை வைத்துத்தான் சொல்ல முடியும்.

அவருக்குக் கடையின் பின்கட்டுதான் வீடு; கல்லாவும் கவுன்சிலர் ஆபீசும் ஒரே மேஜை. "தெருக்குழாய்ல தண்ணியே வரலைங்க" என்று யாராவது வந்து நிற்பார்கள். "இந்தா, நல்ல பித்தளைக் குழாய். இத்த மாட்டி வையி. தண்ணி வர்றப்போ வரட்டும்" என்பார். ரோட்டில் பள்ளம் என்றால் மண்வெட்டி. திருட்டுப் பயம் என்றால் பூட்டு. வார்டின் குறை தீர்ந்ததோ இல்லையோ, கடையில் சரக்கு தீர்ந்தது.

அவர் காசு வாங்காமல் கொடுத்த பொருள் ஒன்றுதான்: ஆணி. உச்சிவெயிலில் கறி வாங்கிக்கொண்டு ஏரிக்கரையோரம் போகிறவர்கள், காத்து கருப்பு அண்டாமலிருக்கப் பையில் ஓர் இரும்புத் துண்டைப் போட்டுக்கொள்வார்கள். ஞாயிற்றுக்கிழமை கடை வாசலில் கறிப்பைகள் வரிசைகட்டும். ஆளுக்கு ஒரு பழைய ஆணியைப் போடுவார்.

"இன்னா அண்ணாத்தே, துருப்புடிச்சிகீது?"

"பேய் இன்னா, பில்லு கேக்கப் போவுதா?"

இப்படிச் சிரித்துக்கொண்டிருந்த மனிதரின் வாழ்க்கையில்தான் அந்தச் சித்திரை வந்தது. அவர் வீட்டம்மா பூந்தமல்லியில் தாய்வீட்டுக்குப் புறப்பட்டார். இவரும் கூடப் போவதாகப் பேச்சு. ஏதோ கூட்டம் என்று கடைசி நேரத்தில் பின்வாங்கிவிட்டார். அந்த அம்மா ஏரிக்கரைப் புளியமரத்து ஸ்டாப்பில் தனியாக நின்றார். வெயில் மண்டையைப் பிளந்தது. பஸ் வருவதற்குள் மார்வலி வந்து மரத்தடியிலேயே சரிந்துவிட்டார்.

ஆடி பிறந்ததும் பேச்சு கிளம்பியது. கடைசியாகப் புறப்பட்டபோது கட்டியிருந்த அதே பச்சைப் புடவை, கையில் அதே ஒயர் கூடை. உச்சிவேளையில் ஒரு அம்மா கைகாட்டுகிறார் என்று டிரைவர் பிரேக் போடுவாராம். கண்டக்டர் எட்டிப் பார்த்தால் ஆள் இருக்காது. ஒரு டிரைவர் சொன்னால் முந்தின ராத்திரிக் கோளாறு என்று விட்டுவிடலாம். எல்லா டிரைவர்களும் சொன்னார்கள்.

நானே ஒரு தடவை அந்த பஸ்ஸில் இருந்தேன். விசில் சத்தமில்லாமலே மரத்தடியில் நின்றது. காக்கைகூடக் கத்தவில்லை. படிக்கட்டுப் பக்கம் யாரோ காலை வைத்தது போல பஸ் லேசாகத் தாழ்ந்தது. பிறகு, வேண்டாமென்று இறங்கிக்கொண்டது போல நிமிர்ந்தது.

அதற்கப்புறம் மத்தியானத்தில் எந்த பஸ்ஸும் அங்கே நிற்கவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வெயிலில் நடந்தார்கள். தெருக்காரர்கள் சேர்ந்து கடைக்கு வந்தார்கள். எங்கள் தொழிற்சாலை ஃபோர்மேன்தான் தலைமை. திருநெல்வேலிக்காரர்.

"அண்ணாச்சி, அரையடி ஆணி ஒண்ணு வேணும்."

"எந்த மரத்துக்கு? தேக்கா, வேங்கையா?" எந்த ஆணி கேட்டாலும் அவர் கேட்கும் கேள்விதான்.

ஃபோர்மேன் குரலைத் தாழ்த்தினார். "புளியமரம்."

புளியமரத்தில் யாரும் கதவு செய்வதில்லை. கடப்பாரைக்குப் புரிந்துவிட்டது. தெருக்காரர்கள் மந்திரவாதிக்குச் சொல்லிவிட்டார்கள்; அமாவாசையன்று மரத்தில் ஆணி அடித்தால் அந்த அம்மா அதிலேயே கட்டுண்டு கிடப்பார், ரோட்டுக்கு வர முடியாது.

"கோவப்படாதிய அண்ணாச்சி. பிள்ளைய நடந்து கருகிப் போகுதுவ. நீங்க ஒரு நடவடிக்கை எடுக்கணும். இல்லேன்னா இனிமே ஓட்டுக் கேட்டு எங்க தெருவுக்குள்ள வராதிய."

"நியாயந்தான். நடவடிக்கை எடுக்கறேன். ஆணி மட்டும் குடுக்க மாட்டேன்."

"ஆவடியில போயி வாங்கிட்டா?"

"வாங்கிக்க. அமாவாச வரிக்கும் எனக்கு டைம் குடு."

அன்று சாயங்காலம் முதல்முறையாக என் அறைக்கு ஏறி வந்தார். சாய்ந்துகொள்ளக் கடப்பாரை இல்லாமல் நிற்கத் தெரியாதவராக நின்றார்.

"கடை பூரா இரும்பு நைனா. அவ எப்டி உள்ள வருவா? அதான் அங்கியே நிக்கிறா. நான் வருவேன்னு பாத்துகினு கீறா. ஆணி அடிச்சா ஆயுசுக்கும் அந்த வெயில்லியே நிக்கணும்." சுவரைப் பிடித்துக்கொண்டார். "நாளிக்கு நானே பூந்தமல்லிக்கு இட்டுகினு போயி உட்டுட்டு வரேன். நீயும் வா. எனக்குத் தனியா பயமா கீது."

எனக்கு மட்டும் என்ன, தைரியம் பொங்கி வழிந்ததா? ஆனாலும் லீவு போட்டேன்.

மறுநாள் புறப்படும்போது இரும்பு எதுவும் உடம்பில் இருக்கக் கூடாதென்றார். சாவிக்கொத்து, கைக்கடிகாரம், பேனாக்கத்தி எல்லாவற்றையும் கழற்றி வைத்தார். என் பேன்ட் கொக்கியைச் சந்தேகமாகப் பார்த்தார். நானும் வேட்டிக்கு மாறினேன்.

"அண்ணே, பஸ்ஸே இரும்புதானே?" என்றேன்.

கொஞ்சம் யோசித்தார். "அது தகரம்" என்றார். வியாபாரி சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

உச்சிவேளை. ஏரி கண்ணைக் கூசவைத்தது. புளியமரத்தில் ஓர் இலை அசையவில்லை. பஸ் வந்தது. நடுரோட்டில் கவுன்சிலரே கையை நீட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்து டிரைவர் நிறுத்தினார். கடப்பாரை பக்கவாட்டில் திரும்பி, "ஏறும்மா" என்றார்.

படிக்கட்டு தாழ்ந்தது. அவர் இன்னும் தரையில்தான் நின்றிருந்தார்.

உள்ளே போய்ப் பெண்கள் இருக்கையில் ஜன்னலோரத்தை விட்டு இந்த ஓரமாக உட்கார்ந்தார். கண்டக்டர் வந்தார். "பெர்சு, லேடீஸ் சீட்டு. எந்திரி."

"லேடீஸ் கூடத்தான் கீறேன்."

கண்டக்டர் ஜன்னலோரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பின்படிக்கட்டுக்குப் போனவர் பூந்தமல்லிவரை விசில்கூட ஊதவில்லை. கடப்பாரையோ வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். கடையில் எலித்தொல்லை, தன் சமையலின் லட்சணம், அவளை நினைத்து அவள் மாமியார் புலம்பியது. கவுன்சில் கூட்டத்தில் அவர் இதில் கால்வாசிகூடப் பேசியதில்லை.

பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் மற்றவர்கள் எல்லோரும் இறங்கிய பிறகு தான் முன்னால் இறங்கி, படிக்கட்டை நோக்கிக் கையை நீட்டினார். "பாத்து எறங்கு." பிறகு தாய்வீடு இருந்த தெருப் பக்கம் பார்த்து நின்றார். கடைசியில், "போய்ட்டு வா" என்றார்.

எனக்குப் பதறிவிட்டது. "என்னண்ணே! அனுப்பி வைக்க வந்துட்டு 'வா'ன்னு கூப்பிடுறீங்களே? 'போ'ன்னு சொல்லுங்க!"

என்னை ஒரு பார்வை பார்த்தார். "கட்னவள பாத்து 'போ'ன்னு எந்த வாயால சொல்றது நைனா?"

கவுன்சிலர் தம் வீட்டம்மாவைக் கொண்டுபோய் விட்டுவிட்டார் என்று கண்டக்டர் வழியாக டிப்போ முழுக்கச் செய்தி பரவிவிட்டது. பஸ்கள் மறுபடி மத்தியானத்தில் நின்றன. அமாவாசை ஆணியில்லாமலே கழிந்தது. ஃபோர்மேன் கடைக்கு வந்து கும்பிட்டுவிட்டுப் போனார்.

ஆனால் அன்று நாங்கள் திரும்பி வந்த கதையை நான் யாரிடமும் சொன்னதில்லை. பஸ் காலியாகத்தான் இருந்தது. அவர் மறுபடியும் பெண்கள் பக்கமாகப் போய் இந்த ஓரத்தில் உட்கார்ந்தார். பாவம், தனியாக இருக்கிறாரே என்று நான் ஜன்னலோரத்தில் நுழையப் போனேன்.

"அங்க குந்தாத நைனா" என்றார் மெதுவாக.

அந்த முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் பார்த்ததேயில்லை. பின்னிருக்கைக்குப் போனேன். செந்நீர்க்குப்பம் தாண்டியதும் பஸ் திரும்பி, அவருக்குப் பக்கத்து இடத்தில் வெயில் சுள்ளென்று விழுந்தது. எழுந்து, எட்டி, அந்த ஜன்னலின் ஷட்டரை இறக்கிவிட்டேன்.