ஆவுளியாவுக்குத் தலை சிறுத்த கதை

இராமேஸ்வரத்தில் புதிதாகத் திறக்கவிருந்த கலைக்கூடத்தின் காலி நடுக்கூடத்தைப் பார்த்த நொடியில்தான் அந்த யோசனை வந்தது: இங்கே ஆறடியில் ஒரு சுடுமண் ஆவுளியா படுத்திருந்தால்? ஆவுளியா என்றால் கடல் பசு. முதுகுளத்தூர்க்காரியான நான் அதைப் படத்தில்தான் பார்த்திருந்தேன். (இதெல்லாம் ஒரு தடையா?) பொறுப்பாளர் அம்மா சம்மதித்தார், திறப்பன்று சரியாக இல்லையென்றால் இடம் வேறொருவருக்கு என்றும் சொன்னார்.

வீட்டு வாசலில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்த எங்கள் அய்யாவிடம் சொன்னேன். நிமிராமலே கேட்டார்: "கடல் பசுவா? எத்தன லிட்டரு கறக்கும்?"

உடம்பை முறைப்படி செய்தேன். கண்மாய் மண்ணில், உடைந்த ஓட்டை இடித்த தூள் கலந்து, உள்ளே கூடாக விட்டு, நாலு துண்டுகளாக. தலைக்கு வரும்போது தூள் தீர்ந்துவிட்டது. வெறும் மண்ணிலேயே பிசைந்துவிட்டேன். ஈரத்தில் தலையும் கழுத்தும் கச்சிதமாகப் பொருந்தின. தூள் கலக்காத மண் காய்ந்தால் அதிகம் சுருங்கும் என்பது நான் போன சுடுமண் பயிற்சியின் முதல் நாள் பாடம். (நான் அன்று விடுப்பில் இல்லை. குறிப்பே எடுத்திருக்கிறேன்.)

சூளையிலிருந்து எடுத்துப் பொருத்தினால், தலையைச் சுற்றி நாலு விரல் இடைவெளி. மறுநாள் திறப்பு. பூச்சைக் குழைத்துச் சரிவாக இழுத்து மூடினேன். லோடு ஆட்டோவில் வைக்கோல் பரப்பிக்கொண்டிருந்த அய்யா சிற்பத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"ஏத்தா, எருமைக்கு ஆட்டுத் தலைய வச்சிருக்கியே."

திறப்பன்று நான் தூணுக்குப் பின்னால் நின்றேன். பொறுப்பாளர் அம்மா தலையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது திருப்பாலைக்குடி மீனவர் ஒருவர் குனிந்து பார்த்துவிட்டு அவரிடம், "செஞ்சவுக நேர்ல பாத்திருக்காக போல. அதுக்கு உடம்புதான் பெருசு, தலை இம்புட்டுத்தான்" என்றார்.

நான் பார்த்த படங்களெல்லாம் முகத்தை நெருக்கத்தில் எடுத்தவை. நான் பெரிதாகச் செய்ததை மண் தானே பார்த்துத் திருத்தியிருக்கிறது!

இடம் வேறொருவருக்குப் போகாமல் தப்பியது. தூணைவிட்டு வெளியே வந்து, உடல் அளவுகளைப் பற்றி அரை மணி நேரம் விளக்கினேன். (அய்யா அவ்வளவையும் கேட்டுக்கொண்டு நின்றார்.) இன்றும் துவைத்த சட்டை சுருங்கினால், எங்கள் வீட்டில் "ஆவுளியா ஆயிருச்சு" என்றுதான் சொல்கிறார்கள்.

அடுத்து அதற்கொரு குட்டி செய்யப்போகிறேன். தூள் இரண்டு மூட்டை வாங்கியாயிற்று. இம்முறை எதுவும் தப்பாகச் சுருங்காது. அதுதான் பயமாக இருக்கிறது. குட்டிக்குத் தலை எவ்வளவு பெரிது என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. வியாழக்கிழமை திருப்பாலைக்குடிக்குப் பஸ் ஏறுகிறேன்.