ஈசானிய மூலைப் பெரும்போர்

இரண்டாயிரத்து எண்ணூற்று முப்பத்தாறு வெள்ளி நாற்பது காசு! சுங்கை பட்டாணித் தமிழ்ப் பெருமக்களே, கேளீர்! ஓய்வுபெற்ற அரசாங்கக் கிராணியாராகிய கனகசுந்தரம், குத்தகையாளர் பழனியாண்டிக்குத் தரவேண்டிய மிச்சக் கடன் அது. அதன் பொருட்டு ஒரு வீட்டின் பின்சமையலறையில் பதினொரு நாள் நிகழ்ந்த பெரும்போரைப் பாடப் புகுகின்றேன். ரசமட்டக் கண்ணாடிக்குள் குடியிருக்கும் குமிழித் தாயே, இடமும் வலமும் சாயாத தேவியே, என் சொல் கோணாமல் நடுவில் வந்து நிற்பாயாக!

வாழ்க பழனியாண்டி! சுங்கை லாலாங் தோட்டத்து லயத்தில் பிறந்து, இருபத்தாறு ஆண்டு பிறர் சிமெண்டைக் குழைத்து, விரலிடுக்கெல்லாம் வெந்து, ஐம்பதாம் வயதில் முத்திரை பதித்த கட்டுமான லைசென்ஸைக் கையில் வாங்கிய மாவீரன்! கரணையே வாளாய், மட்டக்கோலே வேலாய், காலிப் பெயின்ட் வாளியே சிங்காதனமாய்க் கொண்ட கோமான்! தள்ளினால் மட்டும் உயிர்பெறும் லோரியைத் தேராய் உடையவன்! அந்த லோரியைத் தள்ளும் பெரும்படையோ ஒருத்தி. அவள் பெயர் ராக்காயி. இரண்டு சிமெண்டு மூட்டையைத் தோளிலும் நாலு ஊர்ப் பேச்சை நாக்கிலும் ஒருங்கே சுமக்க வல்லவள்.

அத்தகைய வீரனுக்கும் ஒரு கண்டம் இருந்தது. லைசென்ஸின் ஆயுள் வியாழக்கிழமை மூன்று மணியோடு முடிகிறது. அதற்குள் கவுண்டரில் பணம் கட்டவேண்டும். வெள்ளியும் சனியும் கெடா மாநிலத்தில் அரசாங்கக் கதவுகள் திறவா. ஞாயிறு காலை கையெழுத்தாக வேண்டிய பள்ளிக்கூடக் கழிவறை வேலையோ, உயிருள்ள லைசென்ஸ் உள்ளவனுக்கே. தவறினால், ஐயகோ, மீண்டும் பிறர் சிமெண்டு, மீண்டும் பிறர் வாளி! கட்டப் பணம் எங்கே? கனகசுந்தரத்தின் சட்டைப்பையில்.

பகை பிறந்த கதையைச் சொல்வேன். கனகசுந்தரம் புதிதாய் வாங்கிய வீட்டில் பின்சமையலறை நீட்டும் வேலையில் தரைக்குச் சாய்வு கொடுத்து, தென்மேற்கில் தண்ணீர் போக ஓட்டையும் வைத்து, டைல் ஒட்டி முடித்துப் பழனியாண்டி பெருமூச்சு விட்ட நாளில், வாஸ்து பார்ப்பவர் ஒருவர் வந்தார். தண்ணீர் கன்னி மூலையில் வெளியேறினால் செல்வமும் கூடவே வெளியேறும், ஈசானிய மூலையில்தான் போகவேண்டும் என்று உரைத்து, தேநீர் அருந்திப் போனார். உடனே கனகசுந்தரம் ஆணையிட்டார்:

"தம்பி, இஞ்ச பாரும். அந்த ஓட்டையை அடைச்சுப்போட்டு வடகிழக்கில வையும்."

இருபத்தாறு ஆண்டு கூலிக்கு நின்றவன் வாயில் 'சரி' முன்னே வரும், யோசனை பின்னே வரும். "சரிங்கையா" என்றான் வீரன். ஓட்டையை மாற்றினான், தரையின் சாய்வை மாற்றவில்லை. ஓட்டை வடகிழக்கே வாய்பிளந்து காத்திருக்க, தண்ணீர் பழைய பாசத்தால் தென்மேற்கே போய்த் தேங்கி நின்றது. அங்குத் தோன்றினாள், தோசைக்கல் அளவினளாய், விளக்கொளியில் பளபளக்கும் மேனியளாய், தேங்குநீர் அரக்கி!

அவளை முதலில் கண்டவர் கனகசுந்தரமே. நாள்தோறும் காலையில் ஒரு செம்பு நீர் வார்த்து, டார்ச்சு அடித்து, குனிந்து பார்ப்பார். "தண்ணி நிக்குது" என்பார். முப்பத்திரண்டு ஆண்டு பிறர் கோப்புகளில் பிழை கண்டுபிடித்த கண்கள் அவை. "நிக்கிற வரைக்கும் காசில்லை" என்பார்.

முதற்போரில் வீரன் நாலு டைலைப் பெயர்த்து, அடியில் சிமெண்டு திணித்து, மேலேறி மிதித்தான். அரக்கி அஞ்சி ஓடினாள். எங்கே? ஒரு முழம் இடப்பக்கம். இரண்டாம் போரில் ஒன்பது டைலைப் பெயர்த்தான். வெட்ட வெட்டத் தழைக்கும் அசுரக் கூட்டம்போல், ஒருத்தி இருவரானாள். சும்மா சொல்லக்கூடாது, இரண்டும் நல்ல வட்டமாகவே நின்றன. ராக்காயி இடுப்பில் கைவைத்துப் போர்க்களத்தை நோக்கினாள்.

"அண்ணே, இன்னும் நாலு பேத்தீங்கன்னா ஈக்கான் கெலி வளக்கலாம் லா. கிலோ ஏழு வெள்ளி போவுது."

அந்த மீன்மொழி வீரன் நெஞ்சில் அம்பாய்த் தைத்தது. செவ்வாய்க்கிழமை காலை, மலைகள் நடுங்கச் சுத்தியலை ஓங்கினான். டைல்கள் பறந்தன, புழுதி எழுந்து பகலவனை மறைத்தது, பக்கத்து வீட்டு மலாய்க்கார மாக்சிக் சோற்றுத் தட்டை மூடிக்கொண்டு உள்ளே ஓடினார். தரை முழுவதையும் உடைத்தான்! தன் காசில் புது டைல் வாங்கினான்! நூல் கட்டி, மட்டம் பார்த்து, முழங்கால் தேய ஊர்ந்து, தென்மேற்கை உயர்த்தி வடகிழக்கைத் தாழ்த்தினான். புதன் மாலைக்குள் ராக்காயி கடைசி இடுக்கில் வெள்ளைச் சிமெண்டைத் தேய்த்துவிட்டு, "ஒரு நாளு தண்ணி படப்படாது ஐயா, ஊறிப்போச்சுன்னா நான் பொறுப்பில்ல" என்றாள்.

மறுநாளோ புதுமனை விழா. கனகசுந்தரம் தீர்ப்புரைத்தார்.

"விடிஞ்சா என்ர மனுசி பராசக்தி கோலம் போட்டிடுவா. தண்ணி ஊத்த ஏலாது. சாப்பாடு முடிஞ்சு, ஆக்கள் போன பிறகு, நாலு மணிக்கு ஊத்திப் பாப்பம். ஓடினா காசு."

"ஐயா, மூணு மணிக்குக் கவுண்டர அடைச்சிருவாங்க."

"அது உம்மட கவுண்டர். இது என்ர தரை."

வியாழன் விடிந்தது. நாதஸ்வரம் ஒலிபெருக்கியில் முழங்கிற்று. அறுபது விருந்தினர் திரண்டனர். வீரனோ வெள்ளைச் சட்டை அணிந்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பதும் தரையைப் பார்ப்பதுமாய்ப் பின்கதவோரம் நின்றான். பத்தரை மணிக்கு வந்தாள், புக்கிட் செலம்பாவிலிருந்து லோரியேறி, மஞ்சள் பூசிய கொம்பினளாய், சாமந்தி மாலை சூடியவளாய், பாதி மாலையைத் தின்றவளாய், கோமாதா! வாசல் வழி நுழைந்தாள். கூடத்தைக் கடந்தாள். வழக்கப்படி பின்சமையலறை வழியே வெளியேற வேண்டியவள், தென்மேற்கு மூலையில், அரக்கி அரசாண்ட அதே இடத்தில், கோலத்தின் நட்டநடுவே நின்றாள். கயிற்றை இழுத்தார்கள், அசையவில்லை.

வால் எழுந்தது.

வாத்தியம் அடங்கிற்று. மலையுச்சியினின்று மாமழை இறங்கினாற்போல், மதகு திறந்த மூடா ஏரிபோல், நுரைத்துப் பொங்கிப் பெருகிற்று கோமியப் பேராறு! "ஐயோ, நல்ல சகுனம்!" என்று கைகூப்பினாள் பராசக்தி. பெண்கள் குலவையிட்டனர். வீரனுக்கோ காது கேட்கவில்லை. அவன் மண்டியிட்டான். ராக்காயி மண்டியிட்டாள். பட்டுவேட்டியை மடித்துக்கொண்டு கனகசுந்தரமும் மண்டியிட்டார், கையில் டார்ச்சு. கும்பிடுகிறார்கள் என்றெண்ணி விருந்தினரில் பாதிப்பேரும் மண்டியிட்டனர்!

பேராறு ஒரு கணம் தயங்கிற்று. முன்னைப் பகையின் மணம் நுகர்ந்ததுபோல் நின்றது. பின், கோலத்தின் ஒரு தாமரையை அழித்து, மறு தாமரையை வளைத்து, நூல் பிடித்தாற்போல் நேர்கோடாய், வெற்றித்தேராய், ஈசானியம் நோக்கிப் பாய்ந்து, ஓட்டைக்குள் களகளவென்று இறங்கிற்று!

"ஓடுது அண்ணே! ஓடுது லா!"

கனகசுந்தரம் மூக்குத் தரையில் படுமளவு குனிந்தார். தென்மேற்கில் டார்ச்சு அடித்தார். நடுவில் அடித்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் அடித்தார். ஒரு சொட்டு நிற்கவில்லை. அரக்கி மாண்டாள்! பின்னர் கோமாதா சாணமும் இட்டாள். அதற்குச் சாய்வு உதவாது, அது வேறு கதை.

"எதுக்கும் நாலு மணிக்குத் தண்ணியும் ஊத்தி..." என்று தொடங்கினார் கனகசுந்தரம்.

பராசக்தி திரும்பினாள். அந்தப் பார்வையில் ஏழு கடலும் வற்றின.

"மாடே பாத்துச் சொல்லியிட்டுது. இனி நீங்கள் என்ன பாக்கிறது? அந்தப் பிள்ளையின்ர காசைக் குடுங்கோ."

விண்ணவர் மலர் தூவினர். திசைகள் எட்டும் வாழ்த்தின. மணி பத்தே முக்கால்.

கனகசுந்தரம் இரண்டாயிரத்து எண்ணூற்று முப்பத்தேழு வெள்ளியை எண்ணிக் கொடுத்தார்; பழனியாண்டி மீதி அறுபது காசைத் திருப்பிக் கொடுத்தார்.