எடைக்கு எடை வெல்லம்

"பெண்ணடிமை ஒழிக!" என்று பரமத்தி வேலூரிலேயே முதலில் முழங்கிய ஆண் பிள்ளை நான்தான். அதுவும் என் வீட்டுச் சமையலறையில் நின்றுகொண்டு!

காரணம் வெல்லம்.

இரண்டு வருஷத்துக்கு முன் என் மனைவி கண்ணாத்தாள் விஷ சுரத்தில் எலும்பும் தோலுமாய்க் கிடந்தாள். நான் அழுதேன். பொய்யில்லை, வாய்விட்டே அழுதேன். "மாரியாத்தா, இவ பொழச்சு எந்திரிச்சா எடைக்கு எடை வெல்லம் போடறேன்" என்று வேண்டிக்கொண்டேன். பிழைத்தாள். உடனே துலாபாரம் கொடுத்திருந்தால் ஒரு சிப்பத்தோடு, அதாவது ஒரே மூட்டையோடு போயிருக்கும். என் ஆலையில் காய்ச்சிய வெல்லமாயிற்றே, விலை ஏறட்டும், விற்ற மிச்சத்தில் கொடுக்கலாம் என்று தள்ளிப்போட்டேன். விலை ஏறவில்லை. கண்ணாத்தாள்தான் ஏறினாள்.

தை மாதம் பூசாரி வீரபாகு என்னை வழிமறித்தார். பங்குனித் திருவிழாவுக்குள் கொடுக்காவிட்டால் ஆத்தா கோபித்துக்கொள்வாளாம்.

அந்தச் சமயத்தில்தான் பெண்கள் பள்ளிக்கூடத்து டிரில் டீச்சர் ராஜம்மாள், மாதர் சங்கத்தில் கர்லாக்கட்டை சுற்றக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தாள். ஊரே சிரித்தது. எனக்கோ ஆத்தாளே வழி காட்டியது போலிருந்தது. ஓடினேன் வீட்டுக்கு.

"ஏ கண்ணாத்தா! ஆம்பளைக்குப் பொம்பளை என்ன எளப்பம்? நீயும் போயிக் கட்டை சுத்து!"

"ஏனுங்க, போன வாரந்தான் பொம்பளை படி தாண்டுனா ஊடு உருப்படாதுன்னீங்க?"

"அது போன வாரம்! இது புது யுகம்!"

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "செரிங்க" என்றாள். அவ்வளவு சீக்கிரம் சரி என்றபோதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

மூன்று மாதம் விடியற்காலையில் கிளம்பிப் போய்ச் சுற்றினாள். அவள் தட்டில் விழ வேண்டிய நெய்யையும் தயிரையும் நான் மறித்துக்கொண்டேன்.

"ஆணும் பொண்ணும் சமம்னீங்க. நெய்யில மட்டும் இல்லீங்களா?"

"உன் ஒடம்பு நல்லாருக்கோணும்னுதான் சாமி!"

மறித்ததைக் கொட்ட மனசு வருமா? தின்றேன். ஒருநாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உருண்டேன். கண்ணாத்தாள் கஷாயம் கொடுத்து, கண்ணை மூடி என்னவோ முணுமுணுத்தாள். வலி நின்றது.

அவளுக்கு இடுப்பு சிறுத்தது, கன்னம் வற்றியது. ஒரு சிப்பமாவது மிச்சம்! குதித்துக்கொண்டு கோயிலுக்குப் போனேன். சங்கத்துப் பெண்கள் அத்தனை பேரும் வந்திருந்தார்கள்.

கண்ணாத்தாள் தராசில் உட்கார்ந்தாள். ஒரு சிப்பம் வைத்தோம். அசையவில்லை. இரண்டு வைத்தோம். அப்போதுதான் மெல்ல எழும்பினாள்.

"என்ன புள்ள இது? நீ மெலிஞ்சுதானே போயிருந்தே?"

"மெலியலீங்க, இறுகியிருக்கறேன். டீச்சரம்மா தெனமும் முட்டையும் நெலக்கடலையும் திங்கச் சொன்னாங்க. சங்கத்துலயே தின்னுக்கிட்டேனுங்க."

"என்ற வெல்லத்தைக் கொஞ்சமாச்சும் நெனச்சியா?"

"வெல்லம் உங்குளுதுங்க. ஒடம்பு என்னுதுங்க."

பெண்கள் கைதட்டினார்கள். எனக்கு அழுகை அழுகையாக வந்தது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

"எங்க போறீங்க? தட்டுல குந்துங்க."

"நானா? நான் எதுக்கு?"

"அன்னைக்கு வயித்து நோவுல உருண்டீங்கல்ல? உங்க எடைக்கு எடை வெல்லம் போடறேன்னு நானும் வேண்டிக்கிட்டேனுங்க. வேண்டுதல் வெக்கறதுல மட்டும் ஆம்பளைக்குப் பொம்பளை என்ன எளப்பம்?"

ஓடப் பார்த்தேன். மூன்று மாதம் கர்லாக்கட்டை சுற்றிய கை என்னை அலாக்காகத் தூக்கித் தட்டில் வைத்தது. எதிர்த்தட்டில் மூன்று சிப்பம் ஏற்றியும் நான் தரையை விட்டுக் கிளம்பவில்லை. மூன்று மாதத்து நெய்யல்லவா!

நாலாவது சிப்பத்தைத் தூக்கிவர இரண்டு ஆள் வேண்டுமென்று பூசாரி தேடினார்.

"ஆள் எதுக்குங்க?" என்று அதை ஒற்றைத் தோளில் சுமந்து வந்து வைத்தாள் கண்ணாத்தாள்.